ஒரு விதிவிலக்கு, நாற்பத்தொரு வீடுகள்

நான் வேலை பார்த்த கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சகாயராஜ் சார் கேட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரை வைரஸ் அண்டாமல் எப்படி வைத்துக்கொள்வது, சர்வீஸுக்குப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தடவை உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் பாதியில் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன். அந்த ஒரு பக்கத்தை இருபத்திரண்டு வருடம் வாயால் சொல்லியிருக்கிறேன். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள், முக்கியமானதை இன்னொரு இடத்திலும் வையுங்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். இரண்டு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து போன் வரும். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, அந்த அலுப்பு மட்டும் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

அதனால் அந்த ஒரு பக்கத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். இதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. சகாயராஜ் சாருக்கு அது தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

நான் மதுரையில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கேரளாவில் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டினார். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, முப்பத்தாறு வயதில், கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் முதலாளிதான் சகாயராஜ் சார். ராயப்பன்பட்டிக்காரர். என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். பகலில் பல வீடுகளில் பெண்கள் மட்டும் இருப்பதால் ஒரு பெண் வந்தால் நல்லது என்றுதான் என்னை எடுத்தார். முதல் ஒரு வருடம் கடையிலேயே மிஷின்களைக் கழற்றி மாட்டினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது சார் ஒரு வீட்டுக்குள் நுழையும் விதம். செருப்பை வெளியே விடுவார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டார். வீட்டுக்காரரை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லி, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "கடைசியா நல்லா ஓடுனது எப்ப?" என்று கேட்பார். என்ன ஆச்சு என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்ன ஆச்சு என்று கேட்டால் ஜனங்கள் பொய் சொல்லத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. பிறகு நெட் வயரைக் கழற்றுவார். அதற்குப் பிறகுதான் மௌஸைத் தொடுவார். தொட்டதும் முதல் வேலை, வீட்டுக்காரர் வைத்திருக்கும் படம், கடிதம் எல்லாவற்றையும் தான் கொண்டுவந்த டிஸ்க்கில் ஒரு பிரதி எடுப்பது. அது ஒரு மணி நேரம் ஆனாலும் உட்கார்ந்திருப்பார். அது முடியாமல் ஒரு ஐகானைக்கூட அழிக்க மாட்டார். எல்லாம் முடிந்த பின் ஆன்டிவைரஸைத் திறந்து, அதில் 'விதிவிலக்கு' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பார்ப்பார். இந்த இடத்தைச் சோதிக்காதே என்று யாராவது அதற்குச் சொல்லி வைத்திருந்தால் அந்தப் பட்டியலில் தெரியும். அது காலியாக இருக்க வேண்டும். காலி என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ராயப்பன்பட்டியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்கு இருவரும் போனோம். அவருடைய திரை முழுக்கச் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்து, சங்கு ஊதி, உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்றிருக்கிறது. இவரும் பேசியிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவன் பவ்யமாகப் பேசி, ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லி, உள்ளே வந்து, இவர் கண் முன்னாலேயே மௌஸை அங்கும் இங்கும் நகர்த்தியிருக்கிறான். பேங்க் பக்கத்தைத் திறக்கச் சொன்ன நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது மின்வாரியம்தான். மூன்று நாள் வீட்டம்மாவிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறார். எங்கள் முன்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார், நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"நாப்பது வருசம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவன் நான். எவனோ ஒருத்தன் இங்கன அமுக்கு, அங்கன அமுக்குன்னான், அமுக்கிட்டேன்" என்றார்.

"சார், அவனுக்கு இதுதான் தொழில். காலையில எந்திரிச்சு இதைத்தான் செய்றான். நீங்க அன்னைக்கு ஒரு நாள்தான் பாத்தீக" என்றார் சகாயராஜ் சார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "வையக் கூடாதுக்கா. வஞ்சோம்னா அடுத்த தடவ மறைச்சிருவாக."

இப்படிப்பட்டவரிடம் வேலை பார்த்தும் நான் அதைச் செய்தேன்.

மேலே சொன்ன ஒழுங்கோடு ஒரு வீட்டைப் பார்க்க இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடுகள் வரும். உத்தமபாளையம், சின்னமனூர், ஓடைப்பட்டி என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். போகிற வீட்டிலெல்லாம் ஒரே வேண்டுகோள்: "ஏம்மா, கடிதம் அடிக்கிற சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. பக்கத்து வீட்டுல சும்மாவே போட்டிருக்காக." உரிமம் வாங்கித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் இலவசமாகவே நல்லது ஒன்று இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள் என்று விளக்க வேண்டும். சார் விளக்குவார். நானும் கொஞ்ச காலம் விளக்கினேன். பிறகு என் கைப்பையில் ஒரு பென் டிரைவ் வந்து சேர்ந்தது. சின்னமனூரில் வேறொரு கடைக்காரர் கொடுத்தது. அதில் பூட்டை உடைத்த மென்பொருள் இருந்தது. பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

ஒரே ஒரு சிக்கல். அந்த பென் டிரைவைச் செருகியதும் ஆன்டிவைரஸ் கத்தும். அதனால் முதலில் டவுன்லோட் ஃபோல்டரை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவேன். அதற்குள் வைத்துத்தான் பூட்டு உடைக்கும் வேலையைச் செய்வேன். முடிந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தால் ஆன்டிவைரஸ் உடனே அந்த உடைப்பானைக் கண்டுபிடித்து அழித்துவிடும், சாஃப்ட்வேர் நின்றுபோகும், மறுபடி போன் வரும். அதனால் எடுக்க மாட்டேன். ரிஜிஸ்டரில் 'காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அந்த வீடுகளில் அன்றிலிருந்து நெட்டிலிருந்து எது இறங்கினாலும், அது வந்து விழுகிற இடத்தை மட்டும் காவல்காரன் திரும்பிப் பார்க்க மாட்டான். எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. நாலரை மணி பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது, அவ்வளவுதான் காரணம்.

ஓடைப்பட்டிக் குருசாமி அண்ணன் வீடு அப்படி ஒரு வீடு. திராட்சை விவசாயி. வீட்டுக்குப் பின்னாலேயே பந்தல். அவர் மனைவி சரோஜாவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் அவர்கள் மகள் வளர்மதியிடம், "அம்மா பேசுறதைப் பதிவு பண்ணி வச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். வளர்மதி கெட்டிக்காரப் பெண். நூற்று இருபது சின்னச் சின்ன வார்த்தைகளை அம்மாவைச் சொல்ல வைத்துப் போனில் பதிந்தாள். தண்ணி, வலிக்குது, வாங்க உக்காருங்க, கேட்டைச் சாத்து, பேரன் பேர், இப்படி. அவை போக, அம்மா சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதையும் பதினோரு நீளமான பதிவுகளாக எடுத்தாள்.

தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் குரலைக் கேட்டுப் பேரன் பயந்து அழுதான். மதினி அன்றோடு அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். வளர்மதி என்னைக் கூப்பிட்டு, தன் கல்லூரிக் கால கம்ப்யூட்டரில் அம்மாவின் வார்த்தைகளைப் போட்டுத் தரச் சொன்னாள். நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் பெரிய ஐகான் வைத்து, தமிழில் பெயர் எழுதி, ஒரு தடவை அமுக்கினால் பேசும்படி செய்தேன். ஒரு ஸ்பீக்கரைப் பந்தல் பக்கம் திறக்கும் ஜன்னலில் வைத்தேன். மதினி கணவர் பெயரைச் சொல்ல மாட்டார். "இந்தாருங்க, இங்கன வாங்க" என்பதுதான் அவரைக் கூப்பிடும் வார்த்தை. அதை அமுக்கினால் பந்தலுக்குள் கேட்கும். முதல் தடவை கேட்டபோது குருசாமி அண்ணன் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். அன்று அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை என் வாழ்நாளில் எங்கும் இருந்ததில்லை.

அன்றைக்கே அவர், "ஏம்மா அமுதா, விவசாய ஆபீசுக்கு மனு எழுதணும். கடிதம் அடிக்கிறதையும் போட்டு விட்டுரு" என்றார். கைப்பையில் பென் டிரைவ் இருந்தது. போட்டேன். வளர்மதியின் பதிவுகளை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த தடவை வரும்போது டிஸ்க் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன். கொண்டு போகவில்லை. வளர்மதியோ, அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று பழைய போனில் இருந்ததையெல்லாம் அழித்து அதை விற்றுவிட்டாள்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு காலையில் குருசாமி அண்ணன் கடைக்குப் போன் செய்தார். "எல்லாப் பேருக்கும் வால்ல என்னமோ இங்கிலீசு எழுத்து ஒட்டிக்கிட்டிருக்கு. சரோஜா அமுக்குறா அமுக்குறா, பேச மாட்டேங்குது."

நானும் சாரும் போனோம். சார் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தார். கடைசியாக நன்றாக ஓடியது எப்போது என்று கேட்டார். முந்தின நாள் மதியம். மதினியின் குரல் சில வார்த்தைகளில் மெதுவாக இருக்கிறது என்று, சத்தத்தைக் கூட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை அண்ணன் நெட்டில் தேடியிருக்கிறார். பச்சை நிறத்தில் பெரிய பொத்தான் இருந்த பக்கத்தில் இறக்கியிருக்கிறார். திறந்தால் ஒன்றும் வரவில்லை. சாப்பிடப் போய்விட்டார். இப்போது பார்த்தால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம் கிடந்தது. உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று.

"இவனுக்கு ஒன்னும் எழுதாதீகண்ணே. காசு குடுத்தாலும் தெறப்பான்னு உறுதி இல்ல" என்றார் சார். பிறகு வழக்கம்போல ஆன்டிவைரஸைத் திறந்து விதிவிலக்குப் பட்டியலுக்குப் போனார். ஒரே ஒரு வரி இருந்தது. டவுன்லோட் ஃபோல்டர்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தார். மதினி கட்டிலில் உட்கார்ந்து எங்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துவாரத்தை மறைத்துக் கட்டிய வெள்ளைத் துணி மூச்சுக்கு மூச்சு லேசாக அசைந்தது.

சார் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தார். கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் கேட்டார்.

"அந்த வரியை யாருக்கா போட்டது?"

"நான்தான் சார்."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லணும். நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டா?"

அவர் வைதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நாளைக்கு நானே சொல்றேன் சார்" என்றேன். அதற்குள் வேறு ஏதாவது வழி பிறந்துவிடாதா என்று நினைத்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அவர் அதையும் தெரிந்துகொண்ட மாதிரி, "பஸ்ஸு இப்ப வராது. வீடு பக்கத்துலதான் இருக்கு" என்றார்.

திரும்பி நடந்தேன். சார் கூட வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நான் மதினிக்கும் அண்ணனுக்கும் முன்னால் நின்று, என்ன செய்தேன், அதனால் என்ன ஆனது என்று சொன்னேன். அண்ணனுக்கு விதிவிலக்கு என்பது புரியவில்லை. தோட்டத்துக்குக் காவல் போட்டுவிட்டு, பின்வாசல் பக்கம் மட்டும் பார்க்காதே என்று காவல்காரனிடம் நானே சொல்லிவிட்டேன் என்றேன். அது புரிந்தது.

"ஒன்ன நம்பித்தானம்மா விட்டோம்" என்றார். எழுந்து பந்தலுக்குள் போய்விட்டார். மதினி மடியில், எழுதிக் காட்ட, எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். அதை எடுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடையில் சார் அந்த டிஸ்க்கை அப்படியே முழுதாக வேறொரு டிஸ்க்கில் படியெடுத்தார். அசலைத் துணியில் சுற்றிப் பூட்டி வைத்துவிட்டுப் படியில் மட்டும் வேலை செய்தார். பூட்டிய ஃபைலை உள்ளே இருக்கும் எழுத்துக்களாகவே காட்டும் ஒரு மென்பொருளில் திறந்து, நாள் முழுக்க மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்கன பாருங்க. இதுவரைக்கும் குப்பை. இதுக்குக் கீழ எல்லாம் ஒழுங்கா இருக்கு. இவன் அவசரத்துல இருக்கான். வீடு முழுக்கப் பூட்ட நேரமில்ல, தலைவாசல மட்டும் பூட்டிட்டுப் போயிருக்கான்."

ஒவ்வொரு ஃபைலிலும் தலைப்பகுதியை மட்டும்தான் அந்த வைரஸ் பூட்டியிருந்தது. ஒலிப்பதிவில் அது ஏறக்குறைய முதல் பத்து விநாடி. அதை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சத்தைக் கேட்கலாம். ஒரு நீளமான பதிவை அப்படி வெட்டி ஓட்டினார். மதினியின் குரல் ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து வந்தது: "...ன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா." நான் அழுதேன். சார் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

ஆனால் நூற்று இருபது வார்த்தைகளில் ஒன்றுகூடப் பத்து விநாடிக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு விநாடி, மூன்று விநாடி. அவை தலையோடு முடிந்துவிட்டன. பதினோரு கதைகள் பிழைத்தன. வார்த்தைகள் மொத்தமாகப் போய்விட்டன.

சார் போய் இதைச் சொன்னார். குருசாமி அண்ணன் கேட்டுக்கொண்டார். அந்தக் கதைகளுக்குள்ளிருந்தே வார்த்தைகளைத் தேடி வெட்டி எடுக்கலாம், அமுதாக்கா வந்து செய்து தருவார்கள் என்று சார் சொன்னபோது, "அது இந்த வாசல மிதிக்க வேணாம். வேற ஆள அனுப்புங்க" என்றிருக்கிறார். மதினி நோட்டை எடுத்து எழுதிக் காட்டியிருக்கிறார். சார் அந்தத் தாளைக் கிழித்து வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார். 'அவளே வரட்டும். அவ போட்டது, அவளே எடுக்கட்டும்.'

மூன்று வாரம், கடை வேலை முடிந்து தினம் இரண்டு மணி நேரம் போனேன். அந்த வீட்டில் எனக்கு யாரும் தண்ணீர் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மதினி என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். கதை ஓடும். வேண்டிய வார்த்தை வந்ததும் கையைத் தூக்குவார். நான் நிறுத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் வெட்டிப் போட்டுக்காட்டுவேன். சரியென்றால் தலையசைப்பார். தன் பழைய பேச்சைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனுஷியின் பக்கத்தில் உட்காருவது எப்படி இருக்கும் என்று என்னால் விளக்க முடியாது. ஒருநாள் சிரித்தார், சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. ஒருநாள் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை.

'வாங்க' ஒரு கல்யாணக் கதையில் கிடைத்தது. பின்னால் மேளச்சத்தத்தைத் தானே வாயால் போட்டுக்காட்டுகிறார், அதுவும் சேர்ந்தே வந்தது. 'தண்ணி' ஓடையில் வெள்ளம் வந்த கதையில். 'வளரு' என்று மகளைக் கூப்பிடுவது நாலு இடத்தில் வந்தது, நாலும் அதட்டல். "பதிவு பண்ணும்போது நடுவுல நடுவுல என்னைய வஞ்சுக்கிட்டே இருந்தாக" என்றாள் வளர்மதி போனில். அதனால் இப்போது மதினி மகளை ஆசையாகக் கூப்பிட்டாலும் கோபமாகத்தான் கேட்கும். 'இந்தாருங்க' ஏராளமாகக் கிடைத்தது. கதைக்குக் கதை, "இந்தாருங்க, அன்னைக்கு மழைதானே?" என்று கணவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்சம் சலிப்பாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

'வலிக்குது' கிடைக்கவில்லை. பதினோரு கதையிலும் மதினி ஓரிடத்தில்கூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. 'முடியல' ஒரே இடத்தில் வந்தது. ஒரு மலைக் கோயிலுக்கு ஏறும்போது கூட வந்தவள் செய்த கூத்தைச் சொல்லும்போது, "முடியலடி, என்னால முடியல" என்று சிரிப்பு தாங்காமல் சொல்கிறார். அதைத்தான் வலிக்கு வைத்தோம். மதினிக்கு உடம்பு முடியாத நாட்களில் அந்த ஜன்னல் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிப்பாள். குருசாமி அண்ணன் ஓடிவர வேண்டும். ஒரு சர்வீஸ்காரி பஸ்ஸைப் பிடிக்கப் போனதால் ஒரு வீட்டில் வலி சிரிப்பாக மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு நான் எழுத வேண்டிய ஒரு பக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வார்த்தைகளை இந்தத் தடவை மூன்று இடத்தில் வைத்தேன். ஒரு டிஸ்க் வளர்மதியிடம், ஒன்று பீரோவில், ஒன்று கடையில். பூட்டு உடைத்த சாஃப்ட்வேரை அழித்தேன். மதினி தினமும் பயன்படுத்துவதற்கு, புதிதாக எதையும் நிறுவ முடியாத தனிக் கணக்கு ஒன்றைப் போட்டேன். நிறுவும் அதிகாரமுள்ள கணக்கின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி அண்ணனிடம் நீட்டினேன். மேஜையில் வை என்று கையைக் காட்டினார்.

பிறகு பழைய ரிஜிஸ்டர்களை எடுத்தேன். 'காலி' என்று நான் பொய்யாக எழுதியது எந்தெந்த வீடு என்று எனக்கு ஞாபகம் இருந்தது. ஓடைப்பட்டி வீடு போக நாற்பத்தொன்று. போனில் சொல்லிச் சரிசெய்ய வைக்கலாமா என்று கேட்டேன். "நேருலதான போய்ப் போட்டீக" என்றார் சார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். நாலு மாதம் ஆனது.

நாற்பத்தொரு தடவை அதையே சொன்னேன். முதல் ஐந்தாறு வீட்டில் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னேன். பிறகு மனப்பாடம் ஆகிவிட்டது, அது இன்னும் மோசமாக இருந்தது. பெரும்பாலானவர்களுக்குப் புரியவில்லை. "அதெல்லாம் ஓடுதும்மா, விடுங்க" என்றார்கள். பூட்டு உடைத்த சாஃப்ட்வேரை எடுத்துவிடப் போகிறேன் என்று தெரிந்ததும் இரண்டு வீட்டில் மிஷினைத் தொடவே விடவில்லை. கம்பத்தில் ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். உத்தமபாளையத்தில் ஒரு அம்மா, "நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே. எதுக்கு வந்து சொல்றீக?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பட்டியலைத் திறந்து அந்த வரியை அழித்தேன். ஒன்பது வீடுகளில் ஏற்கெனவே ஏதேதோ உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பெண்பிள்ளையின் கம்ப்யூட்டரில் அவள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் எங்கோ அனுப்பிக்கொண்டிருந்த ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டுகளை எல்லாம் வேறொரு போனிலிருந்து மாற்ற வைத்து, அவள் கடைசி ஒன்றையும் மாற்றி முடித்த பிறகுதான் பஸ் ஏறினேன்.

கடைசி வீடு ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. முடிந்தபோது மதியம் ஒன்றரை. பஸ்ஸுக்கு நடக்கும் வழியில்தான் குருசாமி அண்ணன் வீடு. பார்க்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்ற மதினி என்னைப் பார்த்துக் கையசைத்தார். உள்ளே போனேன். அண்ணன் பந்தலிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

மதினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் நான் வைக்காத ஐகான்கள் சில இருந்தன. மூன்று வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, வெட்டவும் ஒட்டவும் அவரே கற்றுக்கொண்டிருக்கிறார். அந்த மென்பொருளைத் திறந்தார். ஒரு கதையிலிருந்து ஒரு துண்டு, இன்னொன்றிலிருந்து ஒரு துண்டு என்று மெதுவாக எடுத்து வரிசையில் வைத்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அமுக்கினார்.

"நீ" என்றது ஸ்பீக்கர். யாரையோ அதட்டும் குரல். "சாப்ட்டுட்டு" என்றது அடுத்து, தாழ்ந்த குரலில், பின்னால் ஒரு சேவல் கூவியது. "போ" என்றது கடைசியில், கல்யாண வீட்டுச் சிரிப்போடு.

ஆபரேஷனுக்குப் பிறகு மதினி தன் சொந்தக் குரலில் புதிதாகப் பேசிய முதல் வாக்கியம் அது என்று வளர்மதி பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை அவர் பழைய வார்த்தைகளை அப்படி அப்படியே அமுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

குருசாமி அண்ணன் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அடுப்படிக்குள் போனார். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.